சாக்கில் சுற்றிய ஹேண்டில்

அத்தியாயம் 4

திருத்தணி போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பில் மெக்கானிக் ஷரீப் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அதே சுவர். ஒவ்வொரு விரிசலும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

"பாய், அரக்கோணத்துலேர்ந்து பஸ்ல நின்னுகினே வந்திருக்கோம். உங்களுக்காகத்தான். திரும்பி ஒரு தபா மூஞ்சியாவது காட்டுங்க" என்றான் ராஜவேலு, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஷரீப் திரும்பவில்லை.

"எங்க பொதட்டூர்பேட்டையில பவர்லூம் இப்படி அமைதியா இருந்தா கரண்டு போயிடுச்சின்னு அர்த்தம். உங்களுக்கு இன்னா போச்சி?"

பக்கத்தில் நின்ற வரதராஜன் கையை உயர்த்தினார். போதும் என்று அர்த்தம். அந்த வலக்கையில் மூன்று விரல்தான் இருந்தது. மற்ற இரண்டையும் பதினாறு வருஷத்துக்கு முன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு பிரஸ் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மேஸ்திரி வேலையிலிருந்து துப்பறியும் வேலைக்கு வந்த ஆள். மெஷின் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்பார். ராஜவேலு அவரை இன்னும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறான். ஏழு வருஷமாக அவர் பின்னாலேயே சுற்றுகிறான். அவர் பேசாததையெல்லாம் சேர்த்து இவன் பேசிவிடுவான்.

"ஷரீப் பாய், போலீஸ் எழுதியிருக்கிறதைச் சொல்றேன், தப்புன்னா சொல்லுங்க" என்றார் வரதராஜன். "வாடகை ஜீப் கோதண்டம் நாலு நாளைக்கு முன்னாடி மத்தியானம் ஜீப்பை உங்க ஷெட்டுல விட்டான். சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்களே ஓட்டிகினு போயி அவன் வீட்டாண்ட, சுவத்தைப் பார்த்தாப்பல நிறுத்தினீங்க. முதல் கியர்ல போட்டு விட்டுட்டீங்க. மறுநாள் விடியக்காலம் கோதண்டம் இன்ஜினைக் கிளப்ப முன்னாடி நின்னு ஹேண்டில் போட்டுச் சுத்தினான். இன்ஜின் புடிச்சுது. கியர்ல இருந்த ஜீப் பாய்ஞ்சி அவனைச் சுவத்தோட வெச்சு நசுக்கிடுச்சு. இதானே?"

"ஆங்."

மூன்று நாளில் அந்த ஆள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது என்று வெளியே இருந்த ஏட்டு பிறகு சொன்னார்.

"நிஜமா?"

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் சார்."

"அப்படியே இருந்தா ஜெயிலுக்குப் போவீங்க."

"கோதண்டம் மண்ணுக்குள்ள போயிட்டான். நான் ஜெயிலுக்குள்ள போனா இன்னா?" என்றார் ஷரீப், சுவரைப் பார்த்தபடியே. முதுகு மட்டும் ஒரு முறை குலுங்கியது.

வெளியே வந்ததும் ராஜவேலு பீடி பற்ற வைத்தான். "ஊமைப் படம் பார்த்த மாதிரி இருக்கு மேஸ்திரி. இடைவேளையில முறுக்குகூட விக்கல."

"செய்யாதவன் கத்துவான். செஞ்சவன் பொய் சொல்லுவான். இவன் ரெண்டும் செய்யலை."

"அப்ப?"

"யாரையோ மூடி மறைக்கிறான். நட."

*

அரக்கோணம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். ஆடி மாசக் காற்று புழுதியை அள்ளி எண்ணெய்த் தரையில் அப்பிக்கொண்டிருந்தது. ஷரீப்பின் மனைவி மஹ்மூதா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். இவர்கள் இருவரையும் வரவழைத்தவள் அவள்தான். அவள் நெற்றியோரம் ஒரு கீறல் காய்ந்து கறுத்திருந்தது.

"இது இன்னாம்மா?" என்றார் வரதராஜன்.

"துக்கம் கேக்கப் போனேன் அண்ணே. கோதண்டம் சம்சாரம் கௌரியம்மா மண்ணை வாரி என் மேல வீசினாங்க. மண்ணுல கல்லு இருந்திச்சி. உன் புருசன் என் தாலிய அறுத்துட்டான்னு தெருவே பார்க்கக் கத்தினாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "அவங்க கத்தாம வேற யாரு கத்துவாங்க? ஆனா இவரு ஏன் பேசமாட்டேங்குறாரு? அதான் எனக்குத் தெரியணும். தப்பு பண்ணியிருந்தா பண்ணேன்னு சொல்லட்டும். நான் தாங்கிக்குவேன். இப்படி வாயை மூடிகினு இருந்தா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"ஜீப்பை விட்டுட்டு வந்தப்ப எப்படி இருந்தாரு?"

"சிரிச்சிகினே வந்தாரு. இன்னா சிரிப்புன்னு கேட்டேன். கோதண்டம் என் வாயில பூட்டு போட்டுட்டான், காலையில ஊருக்கே தெரியும்னாரு. காலையில சேதி வந்திச்சி. சாயா குடிச்சிகினு இருந்தாரு. கிளாஸைக் கீழ வெச்சவரு அப்பறம் எடுக்கவே இல்ல."

"ஜீப்புல இன்னா வேலை பார்த்தாரு?"

"நான் கிட்ட வர்றதில்ல அண்ணே. கழட்டின சாமானு அந்த மூலையில கிடக்குது."

மூலையில், கிழிந்த டயருக்குள், முழங்கை நீளத்துக்கு உருண்டையாக ஒரு இரும்பு கிடந்தது. வரதராஜன் மூன்று விரலால் அதைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மேலே ராணுவப் பச்சை அங்கங்கே உரிந்தும் உரியாமலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் இருந்த தண்டைப் பிடித்து ஆட்டினார். ஆடிப்போன பல் மாதிரி லொடலொடவென்று ஆடியது. பக்கவாட்டுத் தகட்டை நகர்த்தி உள்ளே காட்டினார். கரித்துண்டு இரண்டும் தேய்ந்து புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. செம்பெல்லாம் எரிந்து கறுப்பு.

"இன்னா இது, தெரியுதா?"

"எங்க பெரிய மச்சான் குடல் மாதிரி இருக்குது. சாராயம் குடிச்சே எரிஞ்சது."

"ஸ்டார்ட்டர் மோட்டாரு. இன்ஜினை மொத சுத்து சுத்தி எழுப்புறது இதுதான். இது செத்துதான் கோதண்டம் ஹேண்டில் போட ஆரம்பிச்சான். ஆறு வருஷமாச்சி, செலவு பண்ண வக்கில்லாம அப்படியே ஓட்டிகினு இருந்தான். திருத்தணி ரயிலடியில எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. மிலிட்டரிப் பச்சை இன்னும் உரியாத ஜீப் இந்த ஊர்ல அவனுது ஒண்ணுதான்." அவர் அதைக் கீழே வைத்தார். "சரி, பழசு இங்க கிடக்குதுன்னா?"

"அங்க புதுசு மாட்டியிருக்குது."

"புதுசு மாட்டியிருந்தா?"

"காலால அமுக்கினா கிளம்பிடும். இதுகூடவா தெரியாது எனக்கு?" என்று சொல்லிவிட்டு ராஜவேலு பீடியை வாயிலிருந்து எடுத்தான். "அய்ய. அப்ப அந்த ஆளு எதுக்கு முன்னாடி போயி ஹேண்டில் சுத்தினாரு?"

"உன்னை இட்டாந்ததுக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்."

"அப்ப அவரு சுத்தல. யாரோ சுத்தினதா ஜோடிச்சிருக்காங்க. புது மோட்டார் போட்ட சேதி தெரியாதவன் எவனோ! பழைய நெனப்புல ஹேண்டில் கதையைக் கட்டியிருக்கான். கொலை மேஸ்திரி இது!"

வரதராஜன் கையைத் துடைத்துக்கொண்டார். மஹ்மூதாவைப் பார்த்து, "கவலைப்படாதம்மா" என்று மட்டும் சொன்னார். தெருவில் இறங்கியதும் நின்றார். "துக்க வீட்டுக்குப் போறோம். அங்க உன் வாயை மூடிகினு இரு. எது கண்ணுல பட்டாலும் எங்கிட்ட வெளிய வந்து சொல்லு. தெரிஞ்சுதா?"

"தச்சி வெச்சிக்கிறேன்."

*

மலையடிவாரத்துச் சந்தில் கோதண்டத்தின் வீடு கடைசி. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள்ளேயே மேலே மலையில் ரேடியோ குழாய் கட்டி முருகனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கீழே அந்தச் சந்து மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது.

ஜீப் வாசலில் நின்றது. தரை சந்துப் பக்கம் சரிவாக இருந்ததால், அது பின்னால் உருண்டு போகாமல் இருக்க முதல் கியரில் போட்டு நிறுத்துவதுதான் அங்கே வழக்கம். கைப்பிரேக் பெயருக்குத்தான். போலீஸ்காரர்களும் ஜீப்பை நாலடி பின்னுக்கு இழுத்து, அதே மாதிரி முதல் கியரில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால்தான் எடுக்கலாமாம். எதிரே சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தை யாரோ சாணி கரைத்து மெழுகியிருந்தார்கள்.

கௌரியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசுக்காரி. செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவளின் கால், கணுக்கால் வரைக்கும் வெடித்துச் சிவந்திருந்தது.

"பாயிக்காகப் பேச வந்தீங்களா?" என்றாள், எழுந்திருக்காமல்.

"இன்னா நடந்துதுன்னு தெரிஞ்சிக்க வந்தோம்மா" என்றார் வரதராஜன்.

"தெரிஞ்சிக்க இன்னா கீது? ஆறு வருசத்துல எங்க ஊட்டுக்காரர் ஒரு நாளும் கியரைத் தட்டி நியூட்ரல்ல உடாம ஹேண்டிலைத் தொட்டதில்ல. அந்த பாயி இன்னாத்தையோ கழட்டி மாட்டி, கியரு தானா வுழற மாதிரி பண்ணிட்டான்."

"தினம் எப்படிக் கிளப்புவீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவள் ஜீப்பைப் பார்த்தபடி சொன்னாள். "நாலரைக்கு எழுவோம். மொத ரயிலுக்கு ஜனம் வரும், மலைக்கு இட்டுகினு போணும். அதை ஒத்தையாளாக் கிளப்ப முடியாது. அவரு முன்னாடி சுத்துவாரு. நான் ஏறி உக்காந்து சாவியத் திருப்பி, புடிச்சதும் ஆக்சிலேட்டரைக் குடுக்கணும். இல்லாட்டி பொட்டுனு அணைஞ்சிடும். அப்பறம் அவரு ஏறிக்குவாரு, நான் தள்ளி உக்காந்துக்குவேன். போற வழியில சூளையாண்ட என்னை எறக்கி உடுவாரு."

"ஹேண்டில் எங்க இருக்கும்?"

"பின் சீட்டுக்கு அடியில. சாக்குல சுத்தி வெச்சிருப்பாரு. பின் சக்கரத்துக்குக் கல்லை அணைச்சிட்டு, வெளிய நின்னுகினே உள்ள குனிவாரு. ஒரு கையி ஹேண்டிலை எடுக்கும், இன்னொரு கையி அப்படியே கியரைத் தட்டி உடும். ரெண்டும் அவருக்கு ஒரே வேலை. கண்ணை மூடிகினு செய்வாரு."

"நீங்க உள்ள தயாரா உக்காந்துட்டீங்கன்னு, முன்னாடி குனிஞ்சி நிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? இருட்டாச்சே."

"காலால ஒரு தட்டு தட்டுவேன். டக்குனு கேக்கும். அதைக் கேட்டுட்டுத்தான் சுத்துவாரு." அவள் முகத்தில் ஒரு கணம் எதுவோ இளகியது. "என்னாடி இன்னும் தட்டலை, தூங்கிட்டியான்னு கேப்பாரு."

வரதராஜன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜவேலு மெல்ல நகர்ந்து ஜீப்பைச் சுற்றி வந்தான். பின் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தான். சாக்கு மூட்டை அங்கேயே இருந்தது. உள்ளே ஹேண்டில். கட்டிய கயிற்று முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை, மேலே மூன்று நாள் தூசு. சுவரோரம் வந்தான். ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கி, தோலாகக் காய்ந்து தரையோடு ஒட்டியிருந்தது. இன்னொன்று நசுங்காமல் சுவர் மூலைக்கு உருண்டு போய்க் கிடந்தது. புது வண்டிக்கு, புதுச் சாமான் மாட்டின வண்டிக்கு, முன் சக்கரத்தடியில் வைக்கிற எலுமிச்சம்பழம். ஆக, கோதண்டம் முன்னால் போனது ஹேண்டில் போடுவதற்கு இல்லை!

வரதராஜன் பானெட்டைத் தூக்கினார். இன்ஜினுக்குப் பக்கத்தில் தாழ்வாக, அத்தனை அழுக்குக்கும் நடுவில் பளபளவென்று ஒரு மோட்டார் உட்கார்ந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பேட்டரியின் ஒயரை மட்டும் சத்தமில்லாமல் கழற்றி ஓரமாக விட்டார். அது எதற்கு என்று ராஜவேலுவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி அவரு சுத்தினதைப் பார்த்தீங்களாம்மா?"

"இருட்டு சார். குனிஞ்சாரு, அது தெரிஞ்சுது. நான் தட்டினேன். அவரு சுத்திட்டாரு போல கீது. எகிறிச்சி."

"அவரு கத்தினாரா?"

"இல்ல. நான்தான் கத்தினேன்."

வரதராஜன் பானெட்டை மூடினார். அவர் முகத்தை ராஜவேலு ஏழு வருஷமாகப் பார்க்கிறான். கேஸ் முடிந்துவிட்டால் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வரும். இன்றைக்கு முடிந்துவிட்டது என்று தெரிந்தது. நிம்மதி வரவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் அவர் ஒன்றும் சொல்லாமல் சந்துப் பக்கம் நடந்தார்.

ராஜவேலுவுக்குப் பொறுக்கவில்லை. கையில் வெண்ணெய் மாதிரி இரண்டு தடயம் இருக்கிறது, மனுஷன் பாட்டுக்குப் போகிறாரே! ஒரு நல்லவன் லாக்கப்பில் கிடக்கிறான், அவன் பெண்டாட்டி மண்ணடி வாங்கியிருக்கிறாள்.

"மேஸ்திரி! ஹேண்டில் சாக்குக்குள்ளயே கீது! முடிச்சைக்கூட அவுக்கல. புது ஸ்டார்ட்டர் போட்ட ஜீப்புக்கு ஹேண்டில் எதுக்கு? மாப்பிள்ளைக்கு எதுக்கு ஊன்றுகோலு?"

"ராஜவேலு!"

அந்த அதட்டல் வந்து சேர்வதற்குள் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கௌரியம்மாள் படியிலிருந்து எழுந்தாள். "இன்னா சொன்னே? புதுசா?"

மேலே மலையில் ரேடியோ பாட்டை மாற்றியது.

"எங்கிட்ட சொல்லலியே" என்றாள். பிறகு, தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி, "முந்தின நாளு ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கியாந்தாரு. ஊறுகாய் போடறதுக்கா, ரெண்டே ரெண்டு வாங்கியாந்தீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. காலையில ஏறு கௌரி, ஏறு கௌரின்னு பறந்தாரு."

அவள் பார்வை மெதுவாக இறங்கித் தன் வலது பாதத்தில் நின்றது.

அப்போதுதான் ராஜவேலுவுக்கு உறைத்தது. டக் என்று அவள் தட்டுவது தரையை இல்லை. அந்தக் காலத்து ஜீப்பில் சாவி கரண்டு விடுவதற்கு மட்டும்தான், ஸ்டார்ட்டருக்குச் சாவி கிடையாது. ஆக்சிலேட்டருக்குப் பக்கத்தில், தரையில் ஒரு இரும்புக் குமிழ்தான். ஆறு வருஷமாகச் செத்துக் கிடந்த குமிழ். அமுக்கினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புருஷனும் பெண்டாட்டியும் அதைத் தங்களுக்கு மணியாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஹேண்டில் எடுக்க வேண்டிய வேலை இல்லாததால் கோதண்டம் உள்ளே குனியவில்லை. உள்ளே குனியாததால் கியரைத் தட்டவில்லை. இவள் தினம் தட்டுகிற மாதிரியே தட்டினாள்.

ஷரீப் மூன்று நாளாக எதைத் தன் வாய்க்குள் வைத்துப் பூட்டியிருந்தார் என்பது இப்போது தெரிந்தது. ராஜவேலுவால் அதை மூன்று நிமிஷம் வைத்திருக்க முடியவில்லை.

கௌரியம்மாள் ஜீப்பில் ஏறினாள். தினம் ஏறுகிற மாதிரி, கம்பியைப் பிடித்து, சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். குள்ளமான உடம்பு. அப்படி உட்கார்ந்தால்தான் கால் எட்டும். வலது கால் பார்க்காமலே போய்க் குமிழின் மேல் உட்கார்ந்தது. தட்டினாள்.

டக்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் வரதராஜனைப் பார்த்தாள்.

"ஒயரைப் புடுங்கி உட்டுட்டீங்களா சார்?"

"ஆமாம்மா."

"மாட்டுங்க."

"வேணாம்மா. எறங்குங்க."

"ஆறு வருசமா இதுல உக்காந்தவ நானு. மாட்டுங்க."

வரதராஜன் சந்தோரம் கிடந்த பெரிய கல் இரண்டைப் புரட்டிக்கொண்டு வந்து முன் சக்கரங்களுக்கு அணையாக வைத்தார். ராஜவேலுவைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நீ மாட்டு."

ராஜவேலு மாட்டினான்.

அவள் தட்டினாள்.

நர்ர்ரென்று ஒரே ஒரு உறுமல். ஜீப் முழுசாக முன்னால் எகிறிக் கல்லில் மோதி நின்றது. இரும்பெல்லாம் அதிர்ந்து அடங்கியது. அவ்வளவு பெரிய வண்டியை, தள்ளி, சுற்றி, வியர்த்து எழுப்பிய வண்டியை, ஒரு பெண்பிள்ளையின் கால் சும்மா தூக்கிப் போட்டுவிட்டது.

கௌரியம்மாள் அழவில்லை. கீழே இறங்கி, சுவர் மூலையில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பாயிக்கு இது தெரியுமா?"

"மொத நாளே தெரிஞ்சிருக்கும்" என்றார் வரதராஜன்.

"அந்தப் பொம்பளை மேல மண்ணை வாரி வீசினேன்."

வரதராஜன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வீட்டைப் பூட்டவில்லை, செருப்பும் போடவில்லை. சந்தில் இறங்கி நடந்தாள்.

*

ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். "யோசிச்சுக்கோம்மா. நீ இப்படிச் சொன்னா கேஸ் உன் பக்கம்தான் திரும்பும்."

"எழுதுங்க" என்றாள்.

குரலைக் கேட்டு லாக்கப்பில் ஷரீப் எழுந்தார். சுவரை விட்டு அவர் திரும்பியது அப்போதுதான். முதலில் கௌரியம்மாளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற ராஜவேலுவை.

"சொல்லிட்டீங்களா?" என்றார்.

எதற்கும் பத்து பதில் வைத்திருக்கிறவன் ராஜவேலு. இப்போது கௌரியம்மாளின் செருப்பில்லாத காலைப் பார்த்தபடி நின்றான்.

"யாரும் சொல்லல பாய்" என்றாள் கௌரியம்மாள். "நானே அமுக்கிப் பார்த்துட்டேன்."

ஷரீப் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூன்று நாளாக அடக்கிய அழுகை அந்தப் பெரிய உடம்பைப் போட்டு உலுக்கியது. தொழில் தெரிந்தவனின் அழுகை. எங்கே தப்பு என்று தேடித் தேடி, ஒரு மறையும் முறுக்காமல் விடவில்லை என்று கண்டவனின் அழுகை.

"நல்லாத்தான்மா மாட்டினேன்."

"தெரியும் பாய்" என்றாள் அவள். "ஒரு தட்டுக்கே எடுத்துச்சி."